மை போதாத சொல்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர்: நான், என் மனைவி, என் மகன், செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் என் மருமகள், லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய தம்பி, விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவர்களுடைய தந்தை, அதாவது எங்கள் சம்பந்தி, பிறகு மருமகளின் தோழியான நூலகர். வேறு யாரும் இல்லை. இந்த ஏழு பேரில் தவறு செய்தவர் யார் என்பதில் இனி யாருக்கும் ஐயம் இருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவன் நான். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் பொருளை யாரும் தொட்டதில்லை. என் தந்தை ஒருமுறை தெருவில் ஒரு குடையைக் கண்டெடுத்தார். உரியவரைத் தேடிப் பிடிக்கும்வரை அதை மடித்தே வைத்திருந்தார்; இரண்டு மழைக்காலம் நனைந்துகொண்டே வேலைக்குப் போனார். அவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவன் என்ற நினைப்பில் முதுகை நிமிர்த்தியே நடந்து பழகிவிட்டேன்.

மருமகளும் நூலகரும், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடியோ கேமை இரண்டு ஆண்டுகளாகத் தமிழாக்கிவந்தார்கள். வாள், குதிரை, மந்திரம், பறக்கும் பல்லி எல்லாம் உள்ள கற்பனை நாடு அது. இன்ன வழியில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. கண்ணுக்குத் தெரியும் மலையில் எல்லாம் ஏறலாம். எந்த வீட்டுக் கதவையும் தட்டாமலே திறக்கலாம். தட்டாமலே திறக்கலாம் என்று மருமகள் சொன்னபோதே எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, நீங்க ஒரு தடவ பாத்துக் குடுத்தா போதும். ஒற்றுப் பிழை எல்லாம் எங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாள்.

"தாள்ல எடுத்துக் குடும்மா, பாத்துத் தர்றேன்."

"தாள்ல இல்ல மாமா. உள்ள போய்த்தான் படிக்கணும்."

உள்ளே போனேன்.

ஆளாளுக்கு ஒரு விதமாக அந்த நாட்டில் திரிந்தார்கள். மகன் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பான். ஏன் என்று கேட்டால் "ஆபீஸ்ல இத யாரும் விடமாட்டாங்கப்பா" என்பான். மருமகள் மூலிகை பறிப்பாள். அவள் தம்பிக்கு மலையுச்சியிலிருந்து குதித்துப் பார்ப்பதில்தான் ஆசை. "நாள் முழுக்க மத்தவங்கள பத்திரமா எறக்கி விடுறேன், இங்கயாவது நான் விழுந்துக்கிறேன்" என்பான். ஒரு முறை அக்காளுக்குத் தெரியாமல், ஆட்டத்தில் அவள் நடத்தும் வீராங்கனையின் குதிரையை விற்றுவிட்டு, வீராங்கனையின் தலையில் சமையல் பானையைக் கவிழ்த்துவிட்டுப் போனவன் அவன்.

அந்த வீராங்கனையைத்தான் நானும் நடத்திச் சென்றேன். ஓநாய்த் தோல் போர்த்திய பெண். அவள் உடம்பில் நான் நடப்பது முதல் நாள் கூச்சமாக இருந்தது. நான் ஓடவில்லை. ஓடுவதற்கு ஒரு பொத்தான் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ஐந்து வாரம், எல்லோரும் வேலைக்குப் போன பின், இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை அந்த நாடு முழுவதையும் நடந்தே கடந்தேன். மழை பெய்தால் அவளைக் கூரைக்கு அடியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். வழிகாட்டிப் பலகை, கல்லறை வாசகம், சத்திரத்து மேசையில் கிடக்கும் புத்தகம் என ஒன்றையும் விடவில்லை. ரொட்டிக் கடைக்காரி ஒருத்தி, "வாருங்கள், வெளியூர்காரரே!" என்பாள். ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. குறித்துக்கொண்டேன். மறுநாளும் அவள் கடை வழியாகவே போனேன். பிறகு காலையிலும் விளையாட உட்கார்ந்தேன். எழுபத்தொரு வயதில் எனக்கு அது பிடித்துப்போனது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எந்தப் பொருளின் அருகில் போனாலும் திரையில் 'எடு' என்ற சொல் தோன்றும். சொல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அழுத்துவேன். பொருள் பைக்குள் போகும். தாளில் குறித்துக்கொள்வேன். கரண்டி, 'எடு', சரி. மெழுகுவத்தித் தண்டு, 'எடு', சரி. காட்டிலும் வழியிலும் அந்தச் சொல் பளிச்சென்று இருந்தது. வீடுகளுக்குள் மட்டும் மங்கலாக, சேற்று நிறத்தில் இருந்தது. அதையும் குறித்தேன்: 'வீட்டினுள் "எடு" மங்கல். மை போதவில்லை.'

சில நாள் கழித்துக் காவலர்கள் என்னை வழிமறித்தார்கள். 'தண்டம் செலுத்து', 'சிறைக்குச் செல்', 'எதிர்த்து நில்' என்று மூன்று விடைகள் திரையில் வந்தன. மூன்றையும் சரிபார்க்க வேண்டும் அல்லவா? மூன்று நாளில் மூன்றையும் அழுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர்களில் ஒருவர் இறந்துபோனார். கதை அப்படிப் போகிறது போலும் என்று எண்ணினேன். அவர் சாகும்போது சொன்ன வாக்கியத்தில் ஒரு சந்திப் பிழை இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகர் ஒலிவாங்கியோடு வந்திருந்தார். வீராங்கனை அரசவைக்குள் நுழையும் காட்சியைத் தமிழில் பதிவு செய்து, கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்திருந்தால் தமிழை முறையாகச் சேர்த்துக்கொள்வார்கள். சம்பந்தி சலவைச் சட்டையில் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா சம்பந்தி, எம்பொண்ணு பல்லும் கட்டுவா, சொல்லும் கட்டுவா."

நான் தலையசைத்தேன். அவருடைய குரல் எப்போதும் மைதானத்தில் இருப்பது போலவே இருக்கும்.

வீராங்கனை நகர வாயிலை அடைந்ததும் காவலர்கள் வாளை உருவினார்கள். ரொட்டிக் கடைக்காரி வெளியே ஓடி வந்து, "திருடி! என் குழந்தையின் செருப்பைக்கூட விட்டுவைக்கவில்லையே!" என்று கத்தினாள். மருமகள் அவசரமாக ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள். அதில் எழுதியிருந்தது: திருட்டு, அறுபத்திரண்டு. கொலை, ஒன்று.

அறையில் இருந்த எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

"ஏய், என்ன ஏன் பாக்குறீங்க? சத்தியமா நான் இல்ல."

"குதிரைய வித்தப்பவும் இதே சத்தியந்தான்டா பண்ண" என்றாள் மருமகள்.

"அக்கா, குதிரை வேற. அது தமாசு. நான் போய்க் கொழந்த செருப்பத் திருடுவனா?"

"அப்ப யாரு? மச்சான் மீன விட்டு நகர மாட்டாரு. மத்தியானம் சோறு திங்க சாவிய வச்சித் தெறந்து வர்றது யாரு?"

"மாமாவும்தான் வீட்டுல இருக்காங்க."

மருமகளுக்குக் கோபம் தலைக்கேறியது. "வாயக் கழுவுடா. மூணாவது மனுசன் பேனாவக்கூடத் தொடமாட்டாங்க மாமா. அவங்க பிழை திருத்துறாங்க. யார யாரோட சேர்க்குற?"

அதுவரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருட்டு எங்கே நடந்தது என்றே தெரியவில்லை. அப்போது என் மனைவி நூலகரிடம் கேட்டாள்: "ஏம்மா, எடுக்கிறதுக்கும் திருடுறதுக்கும் இதுல எப்பிடி வித்தியாசம் தெரியும்?"

"வார்த்தை ஒண்ணுதாம்மா. நிறந்தான் வேற. சும்மா கெடக்குற பொருள்னா 'எடு'ன்னு வெள்ளையில வரும். அடுத்தவங்க பொருள்னா அதே 'எடு' சிவப்புல வரும். தெரியாம எடுத்தேன்னு யாரும் சொல்ல முடியாது."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்குச் சிவப்பும் ஒருவகைச் சேறுதான். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். என் தாய்மாமாவுக்கும் இந்தக் குறை இருந்தது. அவருக்கு ரயில் வேலை கைக்கு வந்தும் கண் பரிசோதனையில் போயிற்று. அதைக் கேள்விப்பட்டு, நிச்சயித்த பெண்ணையும் கொடுக்க மறுத்தார்கள். எனக்கும் இருப்பது தெரிந்ததும் என் தந்தை சொன்னது ஒரே வாக்கியம்: "இது வாசப்படி தாண்டக் கூடாது." தாண்டவில்லை. அச்சகத்தில் சிவப்புப் பேனாவின் மூடியில் பிளேடால் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். அதை விரலால் தடவிப் பார்த்தே எடுத்தேன். பல்லாயிரம் பக்கங்களில் நான் இட்ட சிவப்புக் குறிகளை நானே சிவப்பாகப் பார்த்ததில்லை. இது மகள் வழியாகப் பேரப்பிள்ளைக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். என் மகளைக் கட்டிக்கொடுத்தபோதும் வாய் திறக்கவில்லை.

ஆகவே அன்றும் திறக்கவில்லை.

சம்பந்தி எழுந்து நின்று மகனை வைதார். "என் மானத்த வாங்கவே பொறந்தியாடா? சம்பந்தி மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்?"

அந்த நிமிடம் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. அவர் குரல் முதன்முறையாக இறங்கியதைக் கேட்டு என் மனம் குளிர்ந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று தெரிந்தே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"சாவிய வச்சிட்டுப் போ" என்றாள் மருமகள். "ரெண்டு வருசம்டா. எத்தன பேரு உழைப்பு. இனி இந்தப் பக்கம் வராத."

அவன் வாதாடவில்லை. சாவிக்கொத்திலிருந்து எங்கள் சாவியைக் கழற்ற நகம் போதாமல் சிறிது நேரம் போராடினான். மகன் உதவப் போனான். "வேணாம் மச்சான்" என்றான். கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் போனான். எந்தக் கட்டிடத்திலும் லிஃப்ட் எப்படி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்காமல் ஏற மாட்டான்; அன்று லிஃப்ட் பக்கமே போகாமல் மூன்றாம் மாடியிலிருந்து படியில் இறங்கினான். அவன் காலடி ஒவ்வொரு படியாகக் கேட்டது.

இரண்டாம் மாடித் திருப்பம்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் எழுந்தேன். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து, "மேல வா" என்றேன்.

இன்னும் வசை பாக்கி இருக்கிறது என்று நினைத்திருப்பான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றான்.

பிழை திருத்திய தாள்கள் என் அலமாரியில் இருந்தன. எடுத்து வந்து, நின்றபடியே வாசித்தேன். "ரொட்டிக் கடை வீடு. தட்டு, 'எடு', சரி. கரண்டி, 'எடு', சரி. குழந்தையின் செருப்பு, 'எடு', சரி." நான்கு பக்கத்தையும் வாசித்து முடித்தேன். கடைசியில் அந்தக் குறிப்பையும் வாசித்தேன்: "மை போதவில்லை."

சம்பந்திதான் முதலில் வாயைத் திறந்தார். "அதெப்பிடி சம்பந்தி? பளபளன்னு ரத்தச் செவப்பா வருதே. எனக்கே கண்ணாடி இல்லாம தெரியுது."

"எனக்குச் சிவப்பு தெரியாது" என்றேன்.

"என்னப்பா சொல்றீங்க? காலமெல்லாம் சிவப்பு மையிலதானே எழுதினீங்க!" என்றான் மகன்.

"எழுதினேன். பாத்ததில்ல."

என் மனைவி பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் அவளிடமும் மறைத்ததாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் மகனையும் மருமகளையும் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "ஒங்க அப்பாவுக்கு எந்தச் சட்டைக்கு எந்தக் கால்சட்டைன்னு தெனமும் ஜோடி போட்டு வைக்கிறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? நான் பாத்துப் பாத்து வைக்கலன்னா கிளி மாதிரியில்ல அச்சகத்துக்குப் போயிருப்பாரு." பிறகு என்னிடம், "சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்தேன். சரி, ஒங்களுக்குக் கௌரவம் பெருசுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

மெக்கானிக் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சொற்களைத் தேடவில்லை, "என்ன மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"அது பரவாயில்ல மாமா. கண்ணு தெரியலன்னா என்ன பண்ணுவீங்க" என்றான். பிறகு, "ஆனா அக்கா சாவியக் கேட்டப்ப ஒங்களுக்கு விஷயம் தெரியும்ல?" என்று கேட்டான்.

"தெரியும்."

"அப்ப நான் படியெறங்குற வரைக்கும் எதுக்குக் காத்திருந்தீங்க?"

கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தேன். அவன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டான். மருமகள் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சம்பந்தி வாசலுக்கு நடந்தார். "வர்றேன்" என்று மட்டும், வழக்கமில்லாத மெல்லிய குரலில், கதவைப் பார்த்துச் சொன்னார்.

நான் உள்ளே போகும் முன் சேமித்து வைத்திருந்த பழைய நிலையிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கி, அடுத்த வாரம் பதிவை அனுப்பினார்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்ட நிறுவனத்துக்கு நூலகர் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் பொருள் மேல் இப்போது 'திருடு' என்றே எழுத்தில் வருகிறது. அந்த ஞாயிறு மாலையே என் மகளை அழைத்து, அவள் பிள்ளையின் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். "இத்தன வருசமாப்பா?" என்றாள். அழைப்பைத் துண்டித்தாள். மெக்கானிக் இதுவரை வீட்டுக்கு வரவில்லை.

உறவினரிடையே இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. திருடியது அந்தப் பையன்தான் என்றும், பெரிய மனிதர் சம்பந்தி வீட்டு மானத்தைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்றும், கண் குறை என்பது அதற்காகக் கட்டிய கதை என்றும் சொல்கிறார்கள். சிலர் என்னைப் பார்த்து மரியாதையோடு எழுந்து நிற்கிறார்கள்.

அது தவறு. அறுபத்திரண்டு பொருளையும் எடுத்தவன் நான். காவலரைக் கொன்றவன் நான். அவன் குற்றமற்றவன் என்று தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.