வலப்பக்கம் வெட்டுப்படுகிறது

"அக்கா, அப்பாவின்ர பக்கத்தில வீடியோ கைபோனில பாதிதான் தெரியுது. வலப்பக்கம் வெட்டுப்படுது."

தர்சிகா வாயில் இருந்த பணிஸை விழுங்கிவிட்டுப் பெயரைக் கேட்டாள். காலையிலிருந்து இது நாலாவது அழைப்பு. முதலாமவர் தகப்பனின் வயதைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்றார், மற்ற இருவரும் மருமக்களின் பெயர் வரிசையில் சண்டை பிடித்தார்கள்.

"அப்பாவின்ர பேர் சின்னராசா. ஊர் கிளிவெட்டி. நான் மகள் பிரசாந்தினி, கொழும்பில இருந்து கதைக்கிறன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் கிடக்கு. அதுக்கு முன்னம் சரிவருமோ அக்கா?"

குரலில் அழுகை இல்லை. மரண அறிவித்தல் இணையத்தளத்தில் வேலை பார்ப்பவளுக்கு அழுகிற குரலும் அழாத குரலும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "பாக்கிறன் தங்கச்சி, சொல்லுறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், வள்ள எஞ்சின் உதிரிப்பாகங்கள் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த இணையத்தளத்தின் கந்தோர். இரண்டு கணினி, மூன்று கதிரை, பைல்கள் பிதுங்கும் ஒரு அலுமாரி. யன்னலைத் திறந்தால் துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். டீசல் மணக்கும் என்று தர்சிகா அதைத் திறப்பதில்லை. முதலாளி கனகரத்தினம் ஓய்வுபெற்ற அதிபர். செத்தவர்களின் பெயரில் எழுத்துப்பிழை வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய வியாபாரக் கொள்கை. மற்றதெல்லாம் தர்சிகாவின் தலையில். படம் வெட்டுவது, மெழுகுதிரி வைப்பது, இறுதிக்கிரியை வீடியோவைப் பக்கத்தில் பதிப்பது எல்லாம் அவள் பாடு.

தன் கைபேசியில் சின்னராசாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பெண் சொன்னது சரிதான். கொழும்பில் ஒரு தகனசாலை. சவப்பெட்டியின் கால்மாடு, அதன் மேல் இரண்டு மலர்வளையம், குனிந்து மந்திரம் சொல்லும் ஐயர், அவருக்குப் பின்னால் சுவர். அதோடு வீடியோ முடிந்துவிட்டது. வலது ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை இடைக்கிடை வந்து போனது.

காரணத்தைத் தேடி அவள் வெகுதூரம் போகவேண்டி இருக்கவில்லை. செய்தவளே அவள்தான். வீடியோப் பெட்டியின் அகலம் எண்ணூறு பிக்சல் என்று இறுக்கி எழுதப்பட்டிருந்தது. வீடியோ பெரிதாகத் தெரியவேண்டும் என்பது கனகரத்தினத்தின் ஆசை. கைபேசித் திரையின் அகலமோ முந்நூற்று அறுபது. பக்கம் விரலுக்கு வலமும் இடமும் ஆடுகிறது என்று இரண்டு மாதத்துக்கு முன் கனடாவிலிருந்து ஒருவர் முறையிட, திரைக்கு வெளியே போவதை மறைத்துவிடு என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். ஆட்டம் நின்றது, பாதி வீடியோவும் போனது. தலைவலிக்குத் தலையையே வெட்டின வைத்தியம். பெரிதாக்கிப் பார்க்கிற பொத்தானும் வலது மூலையில்தான் இருக்கும், அதுவும் வெட்டோடு போயிருந்தது. கைபேசியைப் படுக்கப் போட்டால் முக்கால்வாசி தெரியும். ஆனால் செத்தவீட்டு வீடியோவை அப்படித் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இரண்டு மாதமாக இப்படி முந்நூறு பக்கங்கள் கிடந்திருக்கின்றன. அவள் கவனிக்கவில்லை. வீடியோ ஓடுகிறதா என்று கணினியில் அமத்திப் பார்ப்பாள், ஓடினால் மூடிவிடுவாள். உள்ளே யார் கிடக்கிறார், யார் அழுகிறார் என்று பார்ப்பதில்லை. பங்குனியில் தன் அப்பா செத்துப்போனதிலிருந்து அப்படித்தான். வீட்டுக்கு ஒரே பிள்ளை அவள். பெண்பிள்ளைகள் சுடலைக்குப் போகிற வழக்கம் இல்லை என்று பெரியப்பாவின் மகனைக் கொள்ளி வைக்கக் கூட்டிப்போனார்கள். வாசல் படலை வரை போய்த் திரும்பி வந்தவள், கணினியைத் திறந்து அப்பாவின் அறிவித்தலை இருபது நிமிடத்தில் எழுதி முடித்தாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்று கனகரத்தினம் பாராட்டினார். "கல்லுப்போல இருக்கிறாள்" என்று சனம் கதைத்தது. அது உண்மைதான். எட்டு மாதமாக அவளுக்கு ஒன்றிலும் சுணையில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அம்மா சொல்லித்தான் தெரியும்.

பிழை எதுவரை போகிறது என்று பார்க்கத்தான் சின்னராசாவின் வீடியோவைக் கணினியில் போட்டாள். முழு அகலத்தில், வலப்பக்கத்தில், பெட்டியின் தலைமாடு இருந்தது. பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளைச் சுரிதாரில் ஒரு பெண் நின்றாள். காலடியில் உடைந்த குடத்தின் ஓடுகள். ஐயர் சொல்ல, அவள் திரும்பிப் பாராமல் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சூடம் எரிகிற விறகைத் தகப்பனின் தலைமாட்டில் வைத்தாள்.

தர்சிகா நிறுத்தினாள். கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தாள். மூன்றாந் தரமும் பார்த்தாள். அந்தப் பெண்ணை யாரும் படலையோடு திருப்பி அனுப்பியிருக்கவில்லை. தர்சிகாவுக்கு வந்தது இரக்கமில்லை, பொறாமை. வெட்கம் கெட்ட பொறாமை. எட்டு மாதத்தில் வந்த முதல் உணர்ச்சி இதுவா என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

திருத்தத்துக்கு இரண்டு வரி போதும். அகலத்தைத் திரைக்கேற்ப விடவேண்டும், உயரம் அதே விகிதத்தில் சுருங்கவேண்டும். அதை எழுதிக்கொண்டிருக்கையில் தொலைபேசி மறுபடி அடித்தது.

"பிள்ளை, நான் கிளிவெட்டியில இருந்து கதைக்கிறன். புஷ்பவதி. சின்னராசாவின்ர வீட்டுக்காரி. வீடியோவைச் சரி பண்ணச் சொல்லி உங்களுக்குச் சொன்னது எண்டு மகள் சொன்னவள். அதை விட்டிடுங்கோ பிள்ளை. அப்பிடியே கிடக்கட்டும்."

"ஏனம்மா?"

"மூத்தவன் வந்து கொள்ளி வைச்சவன் எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டன். கட்டார்ல இருந்து வந்து, அடுத்த பிளேனிலயே திரும்பிட்டான் எண்டு. உண்மையில அவன் வரேல்ல, லீவு குடுக்கேல்லையாம். இஞ்ச வெள்ளம், ரோட்டெல்லாம் உடைப்பெடுத்துப் போச்சு, கொழும்பு ஆஸ்பத்திரியில கண்ணை மூடினவரை இஞ்ச கொண்டுவரவும் ஏலாமப் போச்சு, நாங்கள் போகவும் ஏலாமப் போச்சு. ஊர் முழுக்கப் போனிலதான் பாத்தது. போனில ஐயரையும் பூவையும் தவிர ஒண்டும் தெரியேல்லத்தானே. கடவுள் செய்த வேலை எண்டு இருந்தனான்."

கடவுள் இல்லை, நான்தான் என்று தர்சிகாவுக்குச் சொல்லத் தோன்றியது.

"மகளுக்கு இலங்கைத்துறையில கலியாணத்துக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்கு. சமுர்த்தியில அரசாங்க வேலை, நல்ல பிள்ளை. அந்தியேட்டிக்கு அவையளும் வருவினம். பொம்பிளப்பிள்ளை கொள்ளி வைச்சது எண்டு தெரிஞ்சா அந்த வீட்டில என்ன கதைப்பினம் சொல்லுங்கோ? உங்களுக்கும் ஒரு தாய் இருப்பாதானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. இருந்தாலும் சோறு ஒன்பது நாளுக்குத் தாங்கினால் போதும் என்று அந்தத் தாய் நம்பினாள். தர்சிகா "ஓம் அம்மா" என்றாள். எந்த ஓம், எதற்கு ஓம் என்று அவளுக்கே தெரியாது.

கனகரத்தினத்திடம் போய் விசயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"அறிவித்தல் ஆரின்ர பேரில வந்தது?"

"மகளின்ர பேரில, சேர்."

"அப்ப மகள் சொல்லுறதுதான். ஆனா தாயின்ர கதையிலயும் பிழை இல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்கள் எல்லாத்தையும் சரியாக்குங்கோ பிள்ளை. இந்த ஒண்டை நீங்களே பாத்துச் செய்யுங்கோ." அதிபராக இருந்த காலத்திலும் அவர் இப்படித்தான் பிரச்சினைகளைத் தீர்த்திருப்பார்.

தர்சிகா பார்த்துச் செய்தாள். முந்நூறு பக்கங்களுக்கும் ஒரே அச்சுத்தான். இரண்டு வரியைப் போட்டதும் எல்லாம் ஒரே மூச்சில் நேராயின. அப்பாவின் பக்கமும் நேராகியிருக்கும், அதை அவள் திறந்து பார்க்கவில்லை. சின்னராசாவின் பக்கத்துக்கு மட்டும் பழைய அகலம் இருக்கட்டும் என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதினாள். எழுதும்போது தாயும் நினைவில் வரவில்லை, மகளும் வரவில்லை. வேலையை முடித்து வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

அடுத்த நாள் பத்து மணிக்கே பிரசாந்தினி அழைப்பு எடுத்தாள்.

"அக்கா, இன்னும் பாதிதான் தெரியுது."

"சிலவேளை போன் பழசைத்தான் காட்டும் தங்கச்சி. ஒரு நாள் ரெண்டு நாள் போகும்." வாடிக்கையாளருக்குச் சொல்லிப் பழகின பொய், நாக்கில் தானாக வந்தது.

"மற்றவையின்ர பக்கமெல்லாம் திறந்து பாத்தனான். எல்லாம் சரியாத் தெரியுது. அம்மா கதைச்சவவோ?"

கீழே கடையில் யாரோ ஒரு எஞ்சினை முடுக்கிப் பார்த்தார்கள். அது இருமி இருமி நின்றது.

"நான் ஆசைப்பட்டுச் செய்யேல்ல அக்கா. அங்க நிண்ட ஆம்பிளையளிட்ட ஒவ்வொருத்தரிட்டயாக் கேட்டனான். கொள்ளி வைச்சா முப்பத்தொரு நாளும் காக்கவேணும், வேலைக்குப் போக ஏலாது எண்டு ஒவ்வொருத்தராப் பின்னுக்குப் போயிட்டினம். தகனசாலைக்காரர் நேரம் போகுது எண்டு கத்துறார். அப்பா பெட்டிக்க கிடக்கிறார். பிறகு ஐயரிட்ட நான்தான் கையை நீட்டினனான்."

"அந்த இலங்கைத்துறை ஆள்..." என்று தர்சிகா இழுத்தாள்.

"அவருக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டன். ஒண்டும் சொல்லேல்ல, யோசிச்சுப்போட்டு எடுக்கிறன் எண்டவர். இன்னும் எடுக்கேல்ல. அது போகட்டும். ஊருக்குக் காட்டவும் நான் கேக்கேல்ல. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கோ? அம்மா நான் வைச்சதைக் கண்ணால காணேல்ல அக்கா. நான் சொன்னனான், அவ கேட்டவ. ஆனா காணேல்ல. அண்ணா வைச்சவர், அண்ணா வைச்சவர் எண்டு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி இப்ப என்னட்டயும் அப்பிடித்தான் கதைக்கிறா. 'அண்ணா வைச்ச கொள்ளி'யாம். அவ ஒருக்கா என்னைப் பாக்கவேணும். பாத்துப்போட்டு ஏசட்டும், பரவாயில்ல."

தர்சிகா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே மூன்றாவது வரியை அழித்தாள். அழிப்பதற்கு அரை நிமிடமும் ஆகவில்லை.

"இப்ப திறந்து பாருங்கோ தங்கச்சி."

மறுமுனையில் மந்திரம் கேட்டது, கைபேசியிலிருந்து கைபேசிக்கு வந்து கரகரத்த மந்திரம்.

"ஓம். தெரியுது" என்றாள் பிரசாந்தினி. "அம்மாவைப் பாக்கச் சொல்லுறன்." நன்றி சொல்லாமல் வைத்துவிட்டாள்.

தர்சிகா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஒரு பக்கத்தை இந்த நேரம் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற கணக்கு ஒன்று அவளிடம் இருந்தது. வழக்கத்தில் அதைத் திறப்பது கனகரத்தினம் கேட்டால்தான். சின்னராசாவின் பக்கத்தில் ஒரு ஆள் என்று காட்டியது. கைபேசியில் பார்க்கிற ஆள். கால்மணித்தியாலம் கழித்தும் ஒரு ஆள்தான். அது தாயாகவும் இருக்கலாம், இலங்கைத்துறையாகவும் இருக்கலாம், வேலை வெட்டியில்லாத யாராவதாகவும் இருக்கலாம். கிழவிக்குக் கொடுத்த வாக்கை முறித்துவிட்டோமே என்று ஒரு குற்ற உணர்வு மனதில் எழும்பப் பார்த்தது. எழும்பின வேகத்திலேயே படுத்துவிட்டது. அவளால் அதைக்கூட முழுசாக உணரமுடியவில்லை.

இரண்டு மணியளவில் கிளிவெட்டி இலக்கம் அடித்தது. ஏச்சு வாங்கத் தயாராகித்தான் எடுத்தாள்.

"பிள்ளை."

"சொல்லுங்கோ அம்மா."

"பாத்தனான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தர்சிகா திரையைப் பார்த்தாள். அறுபடவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவளின்ர தலை நனைஞ்சு கிடக்குதே" என்றாள் புஷ்பவதி. "முதுகெல்லாம் ஈரம். துடைக்க ஆரும் ஒரு துவாய் குடுக்கேல்லையோ, பிள்ளை? அவளுக்குப் பனி ஒத்துக்கொள்ளாது. சின்னனில இருந்து இழுப்பு. முழுகிப்போட்டு ஒரு நிமிசம் நிக்க விடமாட்டன். உங்களின்ர கொம்பியூட்டர் பெட்டியில பெரிசாத் தெரியும்தானே. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. பிறகாவது ஆரும் குடுத்தவையோ எண்டு."

"பாக்கிறன் அம்மா" என்றாள் தர்சிகா. தினமும் இருபது தரம் சொல்கிற அதே வார்த்தை. சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்று தரம் பார்த்த வீடியோ. விறகைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஈரத்தைக் கவனித்திருக்கவில்லை. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு முதலிலிருந்து போட்டாள். குடம் உடைத்த தண்ணீரோ முழுகின தண்ணீரோ, பெண்ணின் பின்னலிலிருந்து வடிந்து சுரிதார் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சீமெந்துத் தரையில் விழுந்தது. கொள்ளி வைத்து முடிந்த பிறகும் வீடியோ ஆறு நிமிடம் ஓடியது. அந்த ஆறு நிமிடத்தையும் தர்சிகா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கிளிவெட்டியில் புஷ்பவதி மூச்சுவிடுவது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டி உள்ளே போனது. இரும்புக் கதவு மூடியது. பெண் நின்ற இடத்திலேயே, இரண்டு கையாலும் தன் தோள்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரோரமாக ஐந்து ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஐந்து பேரின் தோளிலும் மடிப்புக் கலையாத ஐந்து சால்வைகள் காய்ந்து கிடந்தன.