குழிக்குள் மீதி இருந்த இரண்டு போல்ட்

காலை ஏழரை மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் யூனிஃபார்ம் சட்டையைப் போட்டார். பெல்ட்டை மாட்டினார். பூட்ஸ் லேஸை இரட்டை முடிச்சாகக் கட்டினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

பதினோரு நாளாக இதே கதைதான். ஒன்பதரை மணிக்கு லேஸை அவிழ்ப்பார். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

அழுகை வந்திருந்தால்கூடத் தேவலை. வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது. சாப்பிட்டால் ருசி தெரியவில்லை. மனைவி ஜெபம் செய்யும்போது பக்கத்தில் முழங்கால் போட்டு உதட்டை அசைத்தார். அந்த வார்த்தைகளும் எங்கேயும் போய்ச் சேர்ந்த மாதிரி இல்லை.

நடந்தது இதுதான். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பராமரிப்பு. லிஃப்ட் ஓடும் கூண்டுக்கு அடியில் ஒன்றரை ஆள் ஆழத்தில் ஒரு குழி இருக்கும். பெட்டி கட்டுப்பாடு இழந்து இறங்கினால் தாங்குவதற்காக அங்கே ஒரு பெரிய ஸ்பிரிங். அதைப் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் குழிக்குள் இறங்குகிறவர் மெக்கானிக்தான். அன்றைக்கு அவருக்கு முதுகுவலி. "இன்னைக்கு நீ இறங்கேன்டா" என்று கூட்டாளியிடம் சொன்னார். கூட்டாளிக்குக் கம்பெனியில் வைத்த பெயர் நெட்டை. நெட்டை நான்கு போல்ட்டில் இரண்டை முடுக்கிவிட்டு டீ குடிக்க மேலே வந்தான். திரும்ப இறங்கும்போது ஏணியின் எண்ணெய்ப் படியில் கால் வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது.

நெட்டை பிழைத்துவிட்டான். மெக்கானிக்குக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம்கூட அவர் போகவில்லை.

இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரே உத்தியோகம், உலகத்தில் எங்கே எந்த லிஃப்ட் அறுந்து விழுந்தாலும் அந்த வீடியோவைத் தேடிப் பிடித்து அனுப்புவது. கீழே, 'ஜாக்கிரதை மகனே, காலம் சரியில்லை' என்று ஒரு வரி. மெக்கானிக் ஒன்றையும் விடாமல் பார்த்தார். சிலவற்றை இரண்டு தடவை பார்த்தார்.

மனைவி இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது.

"யோசிச்சுப் பார்த்தேன். இந்த வேலையே வேண்டாம்னு கர்த்தர் எச்சரிக்கிற மாதிரி இருக்கு" என்றார் அவர். சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது.

"எப்போ சொன்னார்?"

"மனசுல."

"மனசுல பேசினது கர்த்தரா, உங்க சித்தப்பாவா?"

அவர் சுவரையே பார்த்தார்.

"என்னங்க, பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. யாரும் சிரிக்கப் போறதில்ல. ஆனா பயத்துக்குக் கர்த்தர் பேர வைக்காதீங்க." அவள் கைப்பையைத் திறந்து, சிவப்பு நூல் கட்டிய ஒரு சின்னச் சாவியை எடுத்து அவர் முழங்கால்மேல் வைத்தாள்.

அவருக்கு அது தெரிந்த சாவி. லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்ததும் வேலை செய்கிற ஒவ்வொருவரும் அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார்கள். பூட்டினவனே திறந்தால்தான் கரண்ட். அந்த சுவிட்சில் இன்னமும் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று அவருடையது. மற்றது நெட்டையுடையது.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். 'அண்ணி, அவர் வரலைன்னு கோபமில்ல. வந்தா என் கோலத்தப் பார்த்து இன்னும் பயந்துடுவார். இந்தச் சாவிய மட்டும் குடுத்துடுங்க'ன்னான்."

"இன்னொருத்தன் பூட்ட நான் தொடக் கூடாது."

"அதையும் சொன்னான். சூப்பர்வைசர் அம்மாகிட்ட போன்ல பேசி, வேலைப் புத்தகத்துல எழுத வச்சாச்சாம். இன்னைக்கு அவங்களும் அங்க வராங்களாம். 'என் பூட்ட அவர் கையில குடுக்க எனக்குப் பயமில்ல, அண்ணி. அவர் கைக்கு ஏன் பயம்?'னு கேட்டான்."

அவர் சாவியை எடுத்துக் கடிதத்தோடு சட்டைப் பையில் போட்டார். பிறகு எழுந்தார். இரண்டு சாவியையும் கடிதத்தையும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அதற்கு மேல் அவரிடம் எந்தத் திட்டமும் இல்லை.

கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. நாற்காலியில் ஆறாவது மாடி டீச்சர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்.

யூனிஃபார்மைப் பார்த்ததும் அவர் கையைக் காட்டி நாற்காலியை நிறுத்தினார்.

"நீங்கதான் லிஃப்ட்காரரா? உங்க தயவுல எனக்குப் பல்லக்கு கிடைச்சிருக்கு. போன வாரம் ஒரு நாள் மட்டும் தூக்க ஆள் வரல. போகல."

"போகலைன்னா என்ன ஆகும் டீச்சர்?"

"ஒரு தடவை விட்டா மூச்சு வாங்கும். ரெண்டு தடவை விட்டா டாக்டர் திட்டுவார். மூணாவது தடவை விட்டா, திட்டு வாங்க நான் இருக்க மாட்டேன்." அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "ம், தூக்குங்கப்பா."

கீழ்த்தளத்தில் சூப்பர்வைசர் அம்மா காத்திருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"விபத்து விசாரணை மூணு நாள் முன்னாடியே முடிஞ்சுது. வேற ஆள் அடுத்த வாரம்தான் வருவார். ரெண்டு போல்ட்தான் மீதி. நான் வாசல்லயே நிக்கறேன். இறங்கறதும் இறங்காததும் உங்க இஷ்டம்."

அடுத்த வாரத்துக்குள் நாற்காலி இன்னும் மூன்று தடவை இறங்கி ஏற வேண்டும் என்று மெக்கானிக் மனதுக்குள் கணக்குப் போட்டார். கேட்காமலே வந்த கணக்கு அது.

சுவிட்ச் அறைக்குப் போய் இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தன. முக்கோணச் சாவியால் கீழ்த்தள லிஃப்ட் கதவைத் திறந்தார். மூன்றாவது மாடி உயரத்தில் லிஃப்ட் பெட்டியின் அடிப்பாகம் கறுப்பாகத் தொங்கியது. கீழே குழி. எண்ணெய் வாடை.

'ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தோணல. நீங்க கூட இருக்கறதாகூடத் தோணல. இருந்தாலும் இருக்கீங்கன்னு வச்சுக்கிட்டு இறங்கறேன். கூட வாங்க.'

பதினோரு நாளில் அவர் நிஜமாகச் செய்த முதல் ஜெபம் அதுதான். வெளிச்சம் எதுவும் வரவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் பழந்துணியால் முதல் படியைத் துடைத்தார், கால் வைத்தார். இரண்டாவதைத் துடைத்தார், கால் வைத்தார். ஏழு படிகள்.

குழியின் மூலையில் நெட்டையின் ஒரு பூட்ஸ் கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு ஸ்பானரைப் போல்ட்டில் மாட்டினார். கை நடுங்கியதில் ஸ்பானர் ஸ்பிரிங்கில் பட்டு டொக்கென்றது.

"என்ன?" என்றார் சூப்பர்வைசர் மேலேயிருந்து.

"கை நடுங்குது."

"நடுங்கட்டும். மெதுவா செய்யுங்க."

மூன்றாவது போல்ட் முடிந்தது. நான்காவது பாதி முடுக்கும்போது முகத்தில் ஏதோ ஈரம். எண்ணெய் என்று நினைத்துத் துடைத்தார். எண்ணெய் இல்லை.

மேலே வந்து தன் பூட்டைத் திறந்தார். சிவப்பு நூல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நெட்டைக்குப் போன் போட்டார்.

"டேய், உன் பூட்டத் திறக்கப் போறேன்டா."

"திறங்கண்ணே. எத்தன நாள் காத்திருக்கறது?"

"உன் பூட்ஸ் ஒண்ணு குழியில கிடந்துது."

"எந்தக் கால்?"

"இடது."

"அது ஒடிஞ்ச பக்கமாச்சே. பத்திரமா வைங்க, ஆறு மாசம் கழிச்சுத் தேவைப்படும்." சற்று நிறுத்தி, "பயமா இருந்துச்சாண்ணே?" என்றான்.

"இப்பவும் இருக்குடா. சாயங்காலம் உன்னப் பார்க்க வரேன்."

கரண்ட் வந்தது. காலிப் பெட்டியை நான்கு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மடித்த கடிதத்தை அவர் பையிலேயே திருப்பி வைத்தார். "இத நான் இன்னும் பார்க்கல" என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு டீச்சர் திரும்பி வந்தார். வெளுத்துப்போய், வாட்ச்மேன் தோளைப் பிடித்தபடி லிஃப்ட் வாசலில் நின்றார். ஒருவனை விழவைத்த இடம் என்று அவருக்கும் தெரியும். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஒழுங்கா போகுமா?"

மெக்கானிக் முதலில் தான் உள்ளே போய் நின்று, கையை நீட்டினார்.

"வாங்க, நானும் கூட வரேன். பயம் போகட்டும், அப்புறம் இறங்கலாம்னு பதினோரு நாள் வீட்டுல உட்கார்ந்திருந்தேன் டீச்சர். அது போகவே இல்ல. உட்கார உட்கார வளர்ந்துதான் போச்சு. இன்னைக்குத்தான் புரிஞ்சுது. பயம் இல்லாம இருக்கறது விசுவாசம் இல்ல. ஆண்டவர் கூட வருவார்னு நம்பி, அந்தப் பயத்தோடயே முதல் படியில கால் வைக்கறதுதான் விசுவாசம்."

டீச்சர் அவர் கையைப் பிடித்து உள்ளே வந்தார். கம்பியில் சாய்ந்துகொண்டார்.

"பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு. ஆறாம் நம்பர அமுக்குங்க."

அவர் அமுக்கினார். கதவு மூடியது. நடுங்கிக்கொண்டேதான் இருந்தது அந்த விரல்.