அணைக்காத கோபுரம்

பொழுது புலரும்போதே நூறடிக்கு மேல் ஏறியாகிவிட்டது. பனியில் நனைந்த இரும்பு வழுக்கியது. காய்த்துப்போன கையும் எரிந்தது நெட்டையனுக்கு. செல்போன் கோபுரத்தில் ஆன்டெனா மாற்றும் வேலை. ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்புக் கொக்கியைக் கம்பியில் மாட்டி, "மாட்டியாச்சு" என்று கூட ஏறுபவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும்.

ஆன்டெனாவை அணைத்த பிறகே ஆளை ஏற்ற வேண்டும் என்ற விதி, அலுவலகச் சுவரில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது. அணைக்காமல் நெருங்கினால் ஆன்டெனாவின் அலைவீச்சை உணர்ந்து அலறும் கருவியை நெஞ்சில் மாட்டக் கொடுத்திருந்தார்கள். ஓயாமல் அலறித் தொலைக்கிறதென்று மேலாளர் எல்லாவற்றிலும் பேட்டரியைப் பிடுங்கிவிட்டார். ஒரு மாதமாக மேலே போனவர்களுக்கெல்லாம் தலை கிறுகிறுத்தது.

மேலே, ஓடும் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே ஒரு மணி நேரமாக நின்றிருந்தான் நெட்டையனின் தங்கை புருஷன்.

"மாட்டியாச்சு."

நெட்டையன் நிமிர்ந்தான். மாப்பிள்ளையின் கொக்கி எதிலும் மாட்டாமல் காற்றில் ஆடியது.

"மாப்பிள, அசையாதீங்க. கம்பியக் கட்டிப் பிடிச்சுக்குங்க."

"மாட்டிட்டேனே மச்சான்." தூக்கத்தில் உளறுபவனின் குரல்.

நெட்டையன் ஏறிப்போய்த் தானே கொக்கியை மாட்டினான். மெல்ல இறக்கிக்கொண்டு வந்தான். தரையைத் தொட்டதும் மாப்பிள்ளை வாந்தியெடுத்தான்.

மேலாளர் தன் கார் கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். "அலையாலதான் மண்டை குழம்புதுன்னு ஆதாரம் இருக்கா? ராத்திரி ஒழுங்காத் தூங்கியிருக்க மாட்டான்."

"எதனாலன்னு டாக்டர் சொல்லட்டும் சார். நீங்க அணைச்சுட்டு ஏத்துங்க."

"அணைச்சா ஏரியாவுல ஒருத்தனும் பேச முடியாது. புகார் என் தலையில விழும்."

"உங்க தலையில புகார், எங்க தலையில இது. மாத்திக்கலாமா?"

அவர் குச்சியைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இந்த ஆளை நம்பியா தங்கை புருஷனை மேலே அனுப்பினோம் என்று நெட்டையனுக்குக் குமட்டியது. இடுப்பு வாரை அவிழ்த்துக் கீழே போட்டு உட்கார்ந்தான். கீழே நின்றிருந்த அவன் குழுவின் மற்ற மூவரும் அவிழ்த்தார்கள்.

"ஊருல ஆளா இல்ல?" என்று மேலாளர் போனை எடுத்தார்.

வேறொரு குழு வேனில் வந்து இறங்கியது. அதில் மூத்தவர், வாந்திக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்தபடி கிடந்தவனைப் பார்த்தார். பிறகு கோபுரத்தைப் பார்த்தார்.

"அணைச்சிருக்கா?"

"இல்லண்ணே," என்றான் நெட்டையன்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? ஏறு," என்றார் மேலாளர்.

மூத்தவர் நிதானமாக வாரை அவிழ்த்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருப்பா. நாங்க ஆறு பேரு."