கஹவத்தைக்குப் போய்ச் சேராத கோப்புகள்

எங்கள் தோட்ட ஒபிசுக்குக் கொம்பியூட்டர் வந்த நாளிலிருந்து எனக்கும் அதற்கும் ஆகாது. நான் ஸ்டோர்கீப்பர் வேலுசாமி. உரமூட்டையையும் மண்வெட்டியையும் கண்ணால் பார்த்துக் கொடுக்கிற ஆள். அந்தப் பெட்டியின் பேச்சைக் கேட்டு மனோகரி மிஸ்ஸை வேலையை விட்டுத் தூக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அதைத் தூக்கி உடைக்கலாம்போல் இருந்தது.

மனோகரி மிஸ் எங்கள் தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த றப்பர் தோட்டத்திலேயே தலை நரைத்தவர். ஆட்களின் வேலைநாட் பதிவான செக்ரோல், றப்பர் பால் அளவு, லீவு விவரம் எல்லாவற்றையும் அவர்தான் பெட்டியில் பதிவார். கஹவத்தையில் உள்ள பெரிய ஒபிசில் சேர்வர் என்று ஓர் இயந்திரம் இருந்தது. எல்லாத் தோட்டத்துக் கோப்புகளும் அதில்தான். எங்களுக்கு நாள் முழுக்க அதோடு டெலிபோன் லைன் கிடையாது. ஆகவே அந்தக் கோப்புகளின் நகல் எங்கள் பெட்டியிலும் இருக்கும். மிஸ் அந்த நகலில் எழுதுவார். பின்னேரம் பெட்டியை மூடும்போது அது டெலிபோன் வழியாகக் கஹவத்தையைப் பிடித்து, புதிதாக எழுதியதை அங்கே சேர்த்துவிடும். இதற்கு 'சிங்க்' என்று பெயர்.

சேர்த்தால்தானே? இரண்டாயிரத்து ஆறு ஒக்டோபரிலிருந்து கஹவத்தையில் எங்கள் கோப்புகள் பழசாகவே கிடந்தன. மிஸ் ஒன்றும் எழுதுவதில்லை, சும்மா உட்கார்ந்து சம்பளம் எடுக்கிறார் என்று அங்கே இருந்த மனேஜர் முடிவுகட்டிவிட்டார். மிஸ் எழுதுவதை நாங்கள் தினமும் பார்த்தோம். எங்கள் பேச்சு எந்தச் சபையில் ஏறும்? நவம்பர் கடைசியில் உத்தரவு வந்தது. பெட்டியில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டுப் புது ஆளிடம் கொடுக்க வேண்டும். மிஸ் மாத முடிவோடு நிற்க வேண்டும்.

துடைப்பதற்காகப் பஸ்ஸில் வந்து இறங்கியவள் ஷாமிளா. புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. பெரிய ஒபிசில் கொம்பியூட்டர் ஒபிசர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அழிக்க வந்தவளுக்கு டீ ஒரு கேடா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. "தொடைக்கிறதுக்கு முன்னுக்கு உள்ள என்னா இருக்குன்னு பாக்கணுங்க, அண்ணே" என்று பெட்டியைத் திறந்தாள். ஒரு நாள் விடாமல் எல்லாமே உள்ளே இருந்தது.

"மிஸ், எல்லாம் எழுதித்தானே வச்சிருக்கீங்க?"

"பின்னை என்ன செய்தனான் எண்டு நினைச்சனீர் பிள்ளை? இருந்து நித்திரை கொண்டனானோ?"

ஷாமிளா உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீங்க வழக்கம்போல வேலையச் செய்ங்க மிஸ். நான் சும்மா ஒக்காந்து பாக்குறேன்." அதுவரை கஹவத்தையிலிருந்து டெலிபோனில் அதட்டியவர்கள் உண்டு. வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இவள் ஒருத்திதான்.

பின்னேரம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி விழுந்ததுமே மிஸ் பெட்டியை மூட அழுத்தினார். அதே மூச்சில் டெலிபோன் வயரைப் பிடுங்கினார். திரையில் ஏதோ கேட்டது. அதைப் படிக்காமலே ஓகே அடித்து, பிளக்கையும் கழற்றினார். சப்ரகமுவையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். இடி கேட்டால் கை தானாகவே வயருக்குப் போகும். மறந்தவன் டீவியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போவான்.

"எல்லா நாளும் இப்படித்தானுங்களா, மிஸ்?"

"ஓம். முந்தின பெட்டி மின்னல் அடிச்சு எரிஞ்சுபோச்சு. இதையெண்டாலும் காப்பாத்த வேணுமெல்லே."

ஷாமிளா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "மூடுற நேரம் சிங்க் ஆகணும்னு வச்சது நான்தாங்க. அந்த நேரம் பாத்து இங்க வயரே இருக்காது. எங்க லயத்து வீட்டுலயும் இடி இடிச்சா அம்மா பிளக்கத்தான் கழட்டுவாங்க. எனக்கு அது தோணவே இல்லையே."

இடி ஓய்ந்ததும் வயரைத் திரும்பப் பூட்டி, காலையில் பெட்டியைத் திறக்கும்போதே சிங்க் ஆகும்படி மாற்றினாள். பிறகு தேங்கிக் கிடந்ததை அனுப்பத் தொடங்கினாள். அங்கேயும் ஒரு வில்லங்கம். சில கோப்புகளில் கஹவத்தைக் கிளார்க்குகளும் ஏதேதோ திருத்தியிருந்தார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று பெட்டி கேட்டது.

"சேர்வர்ல உள்ளதுதான் சரின்னு அடிக்கச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு" என்றாள். "அடிச்சா உங்க வேலை அம்புட்டும் போயிரும் மிஸ்." ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டையும் வைத்துக்கொள் என்று பதில் கொடுத்தாள். அவசரப்படவே இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவளின் பொறுமை அது. நான் போய் டீ ஊற்றிக்கொண்டு வந்தேன். அவளுடைய கோப்பையில் சீனி கூடவே போட்டேன்.

லைன் பழுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு கெடுதியும் வந்திருக்காது. மிஸ்ஸும் தப்பியிருப்பார். அவளோ மனேஜருக்கு டெலிபோன் எடுத்துச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். எங்களுக்கெல்லாம் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"மனோகரி மிஸ்ஸோட வேலை எல்லாம் சரி, சேர். இப்ப சேர்வர்ல பாக்கலாம். வெரத்த மகே" என்றாள். பிழை என்னுடையது என்று.

மனேஜர் கத்தியது எனக்கே கேட்டது. உன்னை நிரந்தரமாக்கும் கடிதம் என் மேசையில்தான் கிடக்கிறது, தெரியுமா என்றார்.

"தெரியும், சேர்."

மனோகரி மிஸ் அவளுடைய கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார். மனேஜரின் பெயர் கேட்டாலே எழுந்து நிற்கிறவர் அவர். "சேர், வயரைக் கழட்டினது நான்" என்று அவரும் சிங்களத்தில் தொடங்கினார். "பிழையில பாதி என்ர பேரில போடுங்கோ. இந்தப் பிள்ளைக்கு வேலை இல்லையெண்டால் எனக்கும் வேண்டாம்."

பிழையை அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்களைத்தான் இந்த ஒபிசில் பார்த்திருக்கிறேன். ஒரு பிழைக்கு இரண்டு பேர் போட்டி போட்டதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

மனேஜர் கத்துவதை நிறுத்தினார். பிறகு, "கோப்புகள் வந்துவிட்டன, அந்த உத்தரவை விடுங்கள். நாளைக்கு இரண்டு பேரும் அவரவர் வேலைக்குப் போங்கள்" என்று டெலிபோனை வைத்துவிட்டார்.

மிஸ்ஸும் ரிசீவரை வைத்தார். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷாமிளா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.