அசைந்தால் எரியும் விளக்கு

அந்தப் பல்கலைக்கழக விடுதிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவள் நான். அதிலேயே இடம் கிடைத்துச் சேர்ந்த என் மகள், "வீட்டுக்கே வந்துடறேம்மா" என்று போனில் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரெல்லாம் மெச்சுகிற கட்டடம், பெற்ற பெண்ணுக்குக் கசக்கிறதாம்.

விடுதி என்றால் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதா? அதனால்தான் அறைகளைக் குட்டியாக்கி, மாடிக்கு மாடி பெரிய கூடம் வைத்தேன். பகலில் வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும். இருட்டிய பிறகு ஆள் அசைந்தால்தான் கூடத்து விளக்கு எரியும். அசைவில்லையென்றால் தானாக அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்று அதற்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது இருட்டியிருந்தது. அவள் இருக்கும் மாடியில் ஓர் அறை திறந்திருந்தது. ஒற்றைக் கட்டிலில் ஐந்தாறு பெண்கள் தட்டும் கையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குட்டி அறைதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது போல. என் மகள் அங்கே இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கூடம் இருண்டு கிடந்தது. யாருமில்லை என்று திரும்பினேன். அப்போது மூலையில் ஒரு கை உயர்ந்து ஆடியது, விளக்கு எரிந்தது. அட, என் வாலு! என்னைப் பார்த்துவிட்டாள் என்று நானும் பல்லெல்லாம் தெரியக் கையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கையை இறக்கிவிட்டு மறுபடி புத்தகத்தில் குனிந்துகொண்டாள்.

சின்ன வயதில் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். அதற்காக நான் வைத்த பேர்தான் வாலு.

வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தினமும் இங்கேதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அந்தப் பெண்களோடு போய் உட்காரக் கூடாதா என்றேன்.

"யாரும் கூப்பிடலம்மா. நீதானே சொன்ன, கூடத்துல உக்காந்தா யாராவது வந்து பேசுவாங்கன்னு."

பெட்டியைக் கட்டு, இப்போதே போய்விடலாம் என்றேன். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் அவள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள். அவள் புத்தகத்தை மூடினாள்.

"வர்றேம்மா. அங்கயும் யாரும் இருக்கமாட்டாங்க. ஆனா லைட்டாவது அணையாது."

இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். விளக்கு அணைந்தது. இந்தத் தடவை கையைத் தூக்கியது நான்.