பாறைக்குக் கிழக்கே, ஏரிக்கு மேலே

காரிமங்கலத்துச் சவுரியப்பனுக்கு வாய் நீளம். செத்தாலும் பக்கத்துக் குழிக்காரனிடம் வம்பளப்பான் என்று ஊரே சொல்லும்.

முப்பத்தெட்டாம் வருஷம், தை மாசம். ஊரார் பாண்டவர் வூடு என்று சொல்லும் கல்வட்டங்களைத் தேடி மதராசிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். ஆதி மனிதர்கள் பிணத்தைப் புதைத்துக் கல் நட்ட இடங்கள் அவை. மண் மூடிப்போனவற்றையும் நிலத்தின் அமைப்பை வைத்தே சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. சவுரியப்பன் அவருக்குக் கூலியாள்.

"நீயா இருந்தா பொணத்தை எங்கே வைப்பே?"

"எங்க சித்தப்பன்னா ஏரிக்குள்ளயே வைப்பனுங்க. அந்தாளு குளிச்சதே இல்லீங்க."

ஆபீசர் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆளைக் கண்டால் சவுரியப்பனுக்கு வாய் நிற்காது. மளமளவென்று கொட்டிவிட்டான்: "மேற்கால பாறை இருக்கணுங்க, சாயங்கால வெயில் அண்டாது. கீழ ஏரி, ஆனா தண்ணி ஏறாத மேடு. சரளை மண்ணு, நரி பறிக்காது. ஏர் ஓடாத எடம், எவனும் வந்து கெளற மாட்டான்."

எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை. ரெண்டு வருஷம் முன்பு அவன் பெண்சாதி மிக்கேலம்மாளுக்குப் பெண் குழந்தை செத்தே பிறந்தது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. கூடையில் தூக்கிக்கொண்டு பொழுதெல்லாம் அலைந்து அவன் தேர்ந்த இடம் அப்படிப்பட்டது.

ஆபீசர் மண், சரிவு, நீர் எல்லாம் பார்த்து வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் வைத்தார். முதல் ரெண்டு புள்ளியிலும் கல்வட்டம் கிடைத்தது. மூன்றாவது, அவன் மகள் இருந்த சரிவு.

"அங்க முனி இருக்குதுங்க" என்று தடுத்தான் சவுரியப்பன்.

"கள்ளு குடிக்கிற முனியா, பால் குடிக்கிறதா?" என்றான் மேஸ்திரி குப்புராஜ்.

கடப்பாரை ஓங்கியபோது சவுரியப்பன் சொன்னான்: "ஐயா, அங்க எம் பொண்ணு படுத்திருக்குதுங்க."

ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் சிரிக்க வைத்தவன். இப்போது நிறுத்தச் சொன்னால் யார் நிறுத்துவார்கள்? ஆபீசர் மட்டும் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீயாவா இந்த எடத்தைத் தேர்ந்தே?"

"ஆமாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா! ரெண்டாயிரம் வருஷமா மனுஷன் புத்தி மாறவே இல்லை. உன் குழந்தைக்கு அடியிலேதான் நம்ம ஆளு இருப்பான். மெதுவா எடுத்து ஒதுக்கி வெச்சுக்கோ."

சிரிப்பு நின்றது. குப்புராஜ் கடப்பாரையைக் கீழே போட்டான். சவுரியப்பன் யாரையும் கிட்டே விடவில்லை, கையாலேயே பறித்தான். எல்லாமே ஒரு தலைத்துண்டில் அடங்கிவிட்டது. அதற்கடியில் குப்புராஜ் தோண்ட, பலகைக்கல் 'ணங்'கென்றது. ஆபீசர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

சாயங்காலம் மிக்கேலம்மாளைக் கூட்டிக்கொண்டு, மூட்டையோடு ஏரிக்கரைக்கு அடியில் சேற்று நிலத்துக்குப் போனான்.

"இங்கயா? மழை வந்தா முங்கிடுமே. பாறையோரம் எத்தனை மேடு கெடக்குது!"

"நல்ல எடமெல்லாம் புள்ளி வெச்சாச்சுடி. புத்தி இருக்கறவன் எவனும் இங்க பொதைக்க மாட்டான்னு ஆபீசருக்குத் தெரியும். இங்க வர மாட்டாரு."

அவள் மண்வெட்டியைப் பிடுங்கித் தானே வெட்டினாள். ரெண்டாம் வெட்டிலேயே குழியில் தண்ணீர் ஊறியது.