தெருவின் கடைசிக் குழாய்

நான் ஒன்றும் ஊரில் இல்லாததைச் செய்துவிடவில்லை. மண்ணூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பஞ்சாயத்துக் குழாயில் மோட்டார் மாட்டித்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். என் மாடியில் கம்பெனிப் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கத் தண்ணீர் இல்லையென்றால் இந்தக் காந்திமதியைத்தானே பிடித்து உலுக்குவார்கள்? ரெண்டு நாள் பார்த்துவிட்டு வேறு வீடு போய்விடுவார்கள்.

எனக்கு அடுத்தது ஷாரோன் வீடு. அதோடு தெரு முடிகிறது. அவள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். போர் தண்ணீரோ மஞ்சள் மஞ்சளாக இருக்கும். அதைக் குடித்து அவள் பெண் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதிலிருந்து தினமும் காலையில் ஷாரோன் குடத்தோடு வருவாள். நானும் பெரிய மனுஷி மாதிரி தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றுவேன்.

"நீங்க இல்லன்னா எம்பொண்ணு கதி இன்னா ஆயிருக்கும்க்கா?" என்பாள்.

அவள் வீட்டுக்குப் போக வேண்டிய தண்ணீர்தானே அது!

போன வாரம் அவளே பஞ்சாயத்தில் சண்டை போட்டு ஆட்களைக் கூட்டி வந்துவிட்டாள். வீடு வீடாக நுழைந்து மோட்டார்களைக் கழற்றினார்கள். என் வாசலுக்கு வந்ததும் ஷாரோன் குறுக்கே வந்து நின்றாள்.

"இங்க வேணாம் சார். இந்த அக்காதான் எங்களுக்குத் தண்ணியே குடுத்துகினு கீறாங்க."

மாடிப்படிக்கு அடியில், சாக்கு போட்டு மூடியபடி என் மோட்டார். வாயைத் திறக்க வேண்டியதுதானே? பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் என் தொட்டி நிரம்பி வழிந்தது. போட்டிக்குத்தான் யாருமில்லையே! ஷாரோன் மறுபடியும் குடத்தோடு வந்தாள்.

"எல்லார் வூட்லயும் கழட்டியாச்சு, அப்பவும் எங்களுக்கு வரலக்கா. பைப்ல அடைப்பு கீதோ இன்னாவோ. ரோட்ட தோண்டச் சொல்லலாம்னு பாக்கறேன்."

குடத்தை நிரப்பிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அடைப்பும் இல்ல, ஒண்ணும் இல்லடி. மோட்டாரு எங்கூட்ல கீது. மாடிப்படிக்குக் கீழ."

கத்துவாள், தெருவைக் கூட்டுவாள் என்று நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கொட்டிவிடப் போகிறவள் போலக் குடத்தைச் சாய்த்தாள். வீட்டில் இருக்கும் பிள்ளை நினைவு வந்திருக்க வேண்டும். நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் மூஞ்சியிலேயே அதைக் கொட்டிவிட்டுப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.